ரிசர்வ் ராணுவ வீரரின் குடும்பத்துக்கு அடையாள அட்டை: நான் அலைந்து தெரிந்துகொண்டவை

அமெரிக்க ராணுவ ரிசர்வில் கணவனோ மனைவியோ இருந்தால் குடும்பத்துக்கும் ஓர் அடையாள அட்டை உண்டு என்பது பலருக்கும் தெரியும். அது யாருக்குக் கிடைக்கும், எப்போது செல்லாமல் போகும், அதைக் காட்டி எதையெல்லாம் கேட்க முடியாது என்பதைச் சொல்லத்தான் ஆள் கிடையாது. முழுநேர ராணுவக் குடும்பங்கள் பெரும்பாலும் முகாமிலோ அதை ஒட்டியோ இருக்கும். விவரம் தெரிந்த ஓர் அக்கா பக்கத்து வீட்டிலேயே இருப்பார். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாதத்தில் ஒரு வார இறுதி டிரில், வருஷத்தில் இரண்டு வாரப் பயிற்சி, மற்ற நாட்களில் அவர் எல்லாரையும் போல ஆபீஸ் போய்வருகிறவர். தெருவில் வேறு ராணுவக் குடும்பமே இருக்காது. அப்பா அம்மாவிடம் ஃபோனில் சொன்னால், "ரேஷன் கார்டு மாதிரியா?" என்பார்கள். இந்த அலைச்சலில் எனக்குப் போனது சம்பளமில்லாத விடுப்பு, பெட்ரோல், மொழிபெயர்ப்புக் கூலி, கொஞ்சம் தூக்கம். அதைவிட எரிச்சல் தந்தது, கவுன்டரில் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பியதுதான். எல்லாக் காரணங்களையும் யாராவது ஒரே மூச்சில் முதலிலேயே சொல்லியிருக்கலாம். தமிழ்க் குடும்பங்கள் இந்தச் சிக்கலில் மாட்டுவது அபூர்வமும் இல்லை. 2009 முதல் 2016 வரை ஆள் எடுத்த மாவ்னி திட்டத்தில், கிரீன் கார்டு இல்லாதவர்களையும் மொழித் திறனுக்காகச் சேர்த்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது டீர்ஸ். பாதுகாப்புத் துறை வைத்திருக்கும் தகுதிப் பதிவேட்டின் பெயர் அது. வீரர் யார், அவரைச் சார்ந்தவர்கள் யார், யாருக்கு எந்த நாள் வரை என்ன சலுகை என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. நம் கைக்கு வருகிற அட்டை அந்தப் பதிவேட்டை அச்சடித்த ஒரு துண்டு, அவ்வளவுதான். டீர்ஸில் பெயர் இல்லாதவருக்கு எந்த அதிகாரி நினைத்தாலும் அட்டை அடிக்க முடியாது. டீர்ஸில் தேதி தவறாக இருந்தால் அந்தத் தவறான தேதியோடுதான் அட்டை வரும். அட்டை அடிக்கும் அலுவலகத்துக்கு ரேப்பிட்ஸ் என்று பெயர். அங்கே இருப்பவரிடம் வாதாடிப் பயனில்லை. அவர் திரையில் பார்ப்பது நாம் வீட்டில் சரி செய்திருக்க வேண்டிய விஷயம். ஆகவே "அட்டை வாங்கப் போகிறேன்" என்று கிளம்பாமல், முதலில் டீர்ஸில் நம்மைப் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். வீரர் மில்கனெக்ட் இணையதளத்தில் நுழைந்தால் தன் குடும்பத்தில் யார் யார் பதிவாகியிருக்கிறார்கள் என்பது தெரியும். முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண்ணை அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் புது மனைவியையோ குழந்தையையோ அங்கிருந்து சேர்க்க முடியாது. அதற்கு மூலச் சான்றிதழ்களோடு ரேப்பிட்ஸ் அலுவலகம்தான் போக வேண்டும்.

இங்கே ஒரு பெரிய குழப்பம் நடக்கிறது. கல்யாணம் ஆனதும் வீரர் தன் யூனிட்டில் சொல்லிவிடுவார். அவசரத் தொடர்புக்கான டிடி ஃபார்ம் 93-இல் மனைவியின் பெயரை எழுதிவிடுவார். எஸ்ஜிஎல்ஐ ஆயுள் காப்பீட்டில் நாமினியாகவும் போட்டுவிடுவார். "எல்லாம் கொடுத்துவிட்டேனே" என்று நல்ல மனதோடுதான் சொல்வார். இவை எதுவும் டீர்ஸ் இல்லை. டிடி 93 என்பது அவருக்கு ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதற்கு, எஸ்ஜிஎல்ஐ பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதற்கு. யூனிட்டின் எஸ்1 எனப்படும் பணியாளர் பிரிவில் திருமண நிலையை மாற்றினாலும், மனைவி சார்ந்தவராக டீர்ஸில் ஏறிவிட மாட்டார். இதை அவரிடம் சண்டை போடாமல் விளக்குவது ஒரு தனிக் கலை.

தகுதியைப் பொறுத்தவரை, வீரர் ரிசர்வில் எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். மாதாமாதம் டிரிலுக்குப் போகிறவர் செலக்டட் ரிசர்வ். டிரில் இல்லாமல் பெயர் மட்டும் பட்டியலில் இருப்பவர் ஐஆர்ஆர். 20 தகுதி ஆண்டுகளை முடித்துவிட்டு ஓய்வூதியத்துக்காக 60 வயது வரை காத்திருப்பவர்களைக் 'கிரே ஏரியா' ஓய்வாளர்கள் என்பார்கள். மூன்று வகையினரின் மனைவி மக்களும் அட்டை பெறலாம். மூவருக்கும் கமிசரி எனும் மளிகைக் கடை, எக்ஸ்சேஞ்ச் எனும் ராணுவப் பல்பொருள் கடை, பொழுதுபோக்கு வசதிகள் உண்டு. மருத்துவத்தில்தான் மூன்றும் தனித்தனிப் பாதை. அதைக் கீழே சொல்கிறேன். மனைவி அமெரிக்கக் குடிமகளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சோஷியல் செக்யூரிட்டி எண் இன்னும் வராதவரைத் தற்காலிக எண் ஒன்றில் பதிவு செய்துகொள்வார்கள். எண் வந்ததும் போய் மாற்ற வேண்டும், மறக்கக் கூடாது. டீர்ஸ் பதிவு வேறு, அட்டை வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். மனைவி இன்னும் ஊரில் விசாவுக்குக் காத்திருந்தாலும் வீரர் ஆவணங்களைக் கொண்டுபோய்ப் பதிவை முடித்து வைக்கலாம். அட்டைக்கு மட்டும் புகைப்படம் எடுக்க ஆள் நேரில் போக வேண்டும்.

ஆவணங்கள் என்னென்ன? திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், சோஷியல் செக்யூரிட்டி கார்டு, அதோடு காலாவதியாகாத இரண்டு அடையாளச் சான்றுகள். அந்த இரண்டில் ஒன்று அரசு வழங்கிய, புகைப்படம் உள்ள சான்றாக இருக்க வேண்டும். கிரீன் கார்டும் மாநில டிரைவிங் லைசென்ஸும் இருந்தால் கேள்வியே வராது. எல்லாம் மூலமாகவோ, வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகலாகவோ இருக்க வேண்டும். ஜெராக்ஸ், ஃபோனில் உள்ள படம், லேமினேட் போட்ட வீட்டு நகல் எதுவும் எடுபடாது. இருவரில் யாருக்காவது முன்பு ஒரு திருமணம் நடந்திருந்தால் அந்த விவாகரத்துத் தீர்ப்போ இறப்புச் சான்றிதழோ அவசியம். "அது பழைய கதை" என்று விட்டுவிட்டுப் போனால் அன்றைய பயணம் வீண்.

ஊரில் நடந்த கல்யாணமாக இருந்தால் கோயில் ரசீதோ மண்டபப் பில்லோ உதவாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த சான்றிதழ்தான் வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். அதற்கு முந்தைய கல்யாணங்களில் பதிவே செய்யாதவை ஏராளம். பழைய சான்றிதழ்கள் கையால் தமிழிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் இல்லாத எந்த ஆவணத்துக்கும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதாவது மொழிபெயர்த்தவர், தனக்கு இரு மொழியும் தெரியும், இது முழுமையான சரியான மொழிபெயர்ப்பு என்று எழுதிப் பெயர், கையெழுத்து, தேதி போட்டிருக்க வேண்டும். நமக்கு ஆங்கிலம் தெரியும் என்பதற்காக நாமே செய்து கொடுக்கக் கூடாது. சொந்தக்காரர் செய்ததையும் தவிர்த்துவிடுங்கள். முத்திரையில் உள்ள எழுத்துகள், ஓரத்தில் கிறுக்கிய குறிப்பு வரை மொழிபெயர்ப்பில் வர வேண்டும். பிறப்புச் சான்றிதழில் இன்னொரு வம்பு உண்டு. குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிவு செய்துவிடுவது நம் ஊர் வழக்கம், அதனால் பழைய சான்றிதழ்களில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கும். அதை ஊரில்தான் சேர்க்க முடியும். அப்பாவோ மாமனாரோ நகராட்சிக்கு நடந்தால்தான் காரியம் ஆகும். ஆகவே அமெரிக்கா கிளம்பும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தமிழர்கள் அதிகம் அடிபடும் இடம் இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பழைய பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக விட்டு, முழுப் பெயரையும் இடுபெயர் கட்டத்தில் போட்டிருப்பார்கள். அமெரிக்க விசாவில் அது தலைகீழாகிறது. நம் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று வந்து நிற்கும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. கிரீன் கார்டில் அதே இடத்தில் 'நோ கிவன் நேம்' என்று வரலாம். சோஷியல் செக்யூரிட்டி கார்டில் 'அன்நோன்' என்று வரலாம். லைசென்ஸில் அந்த மாநில அலுவலகம் தன் வழக்கப்படி ஒன்றைப் போடும். திருமணச் சான்றிதழிலோ இனிஷியலோடு நம் உண்மையான பெயர். ஒரே பெண்ணுக்கு நாலு பெயர். ரேப்பிட்ஸ் மேஜையில் இருப்பவர் குறை சொல்லவில்லை, அவருக்குப் புரியவே இல்லை. அங்கே நின்று "எங்கள் ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போடுவோம்" என்று விளக்கும்போது, நம் பெயரைச் சொல்லவே நமக்குக் கூச்சம் வந்துவிடும். அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை.

இதற்கு வழி, டீர்ஸுக்குப் போகும் முன் மற்ற ஆவணங்களை ஒரே வரிசைக்குக் கொண்டுவருவது. எல்லாவற்றுக்கும் அடி பாஸ்போர்ட். இந்தியப் பாஸ்போர்ட்டில் இடுபெயர், குடும்பப் பெயர் இரண்டையும் பிரித்துப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். விசாவுக்கு முன்பே, ஊரில் இருக்கும்போதே செய்தால் பிறகு வரும் எல்லா அட்டையும் ஒழுங்காக வரும். கிரீன் கார்டு ஏற்கெனவே வந்துவிட்டது, பெயரை மாற்ற வேண்டும் என்றால் ஐ-90 விண்ணப்பம். 2024 ஏப்ரலில் உயர்த்திய கட்டணப்படி ஆன்லைனில் 415 டாலர், தாளில் 465 டாலர். பிழை குடியேற்றத் துறை செய்தது என்றால் கட்டணம் இல்லை. ஆனால் பாஸ்போர்ட்டில் இருந்ததை அவர்கள் அப்படியே அடித்திருந்தால் அது அவர்கள் பிழையாகாது. சோஷியல் செக்யூரிட்டி கார்டை எஸ்எஸ்-5 படிவம் கொடுத்து இலவசமாக மாற்றலாம், அதற்கு மாற்றத்தைக் காட்டும் ஆவணம் வேண்டும். கிரீன் கார்டு, அதன் பிறகு சோஷியல் செக்யூரிட்டி, அதன் பிறகு லைசென்ஸ், கடைசியாக டீர்ஸ் என்ற வரிசையை மாற்றாதீர்கள். குடியுரிமை விண்ணப்பம் பக்கத்தில்தான் இருக்கிறது என்றால் ஐ-90-க்குப் பணம் கட்டாமல் பொறுத்திருக்கலாம். என்-400 படிவத்திலேயே பெயர் மாற்றம் கேட்க இடம் இருக்கிறது, நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுக்கும்போது அது நடந்துவிடும். 'இருவரும் ஒருவரே' என்று நோட்டரி முன் எழுதும் அஃபிடவிட்டைப் பலர் சிபாரிசு செய்வார்கள். ஒரு மேஜையில் வாங்கிக்கொள்வார்கள், அடுத்த மேஜையில் தள்ளிவிடுவார்கள். அதை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

அடுத்தது டிடி ஃபார்ம் 1172-2. அட்டைக்கான விண்ணப்பமும் டீர்ஸ் பதிவுப் படிவமும் இந்த ஒன்றுதான். இதில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஸ்பான்சர், அதாவது ரிசர்வில் இருப்பவர். அவரும் கூடவே வந்தால் மேஜையிலேயே போட்டுவிடலாம், நோட்டரி தேவையில்லை. வர முடியாவிட்டால் மூன்று வழிகள். ஒன்று, அவர் வீட்டிலிருந்தே ஐடி கார்டு ஆபீஸ் ஆன்லைன் என்ற தளத்தில் தன் சிஏசி அட்டையை, அதாவது சிப் வைத்த ராணுவ அடையாள அட்டையை, கார்டு ரீடரில் செருகி டிஜிட்டலாகக் கையெழுத்திடுவது. படிவம் அலுவலகத் திரையிலேயே வந்துவிடும், நாம் இரண்டு அடையாளச் சான்றுகளோடு போனால் போதும். இருப்பதில் இதுதான் சுலபம். சிஏசி ரீடர் ஒன்று வீட்டில் இருந்தால் வேறு பல வேலைக்கும் உதவும். இரண்டு, படிவத்தை அச்சடித்து நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்புவது. நோட்டரி இல்லாத வெறும் கையெழுத்தோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையெழுத்திட்ட படிவத்துக்கு ஆயுள் 90 நாள், ஆகையால் அப்பாயின்ட்மென்ட் கிடைத்த பிறகு கையெழுத்து வாங்குங்கள். மூன்று, பவர் ஆஃப் அட்டர்னி. அவர் நீண்ட பயிற்சிக்கோ வெளிநாட்டுக்கோ கிளம்பும் முன், டீர்ஸ் பதிவும் அடையாள அட்டையும் குறித்து வெளிப்படையாக எழுதிய ஒரு பவர் வாங்கி வைத்துவிடுங்கள். ராணுவச் சட்ட உதவி அலுவலகத்தில் இதை இலவசமாக எழுதி நோட்டரியும் செய்து தருவார்கள். அவர் போன பிறகு பிறக்கும் குழந்தையைச் சேர்க்க இதுதான் கைகொடுக்கும்.

அலுவலகம் எங்கே இருக்கிறது என்று பார்க்க ரேப்பிட்ஸ் தளத்தில் ஊர் அஞ்சல் எண்ணைப் போட்டால் போதும். அவர் ஆர்மி ரிசர்வ் என்பதால் ஆர்மி முகாமுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. கடற்படை, விமானப்படை, நேஷனல் கார்டு (National Guard) எனும் மாநிலப் படை என்று எந்த ரேப்பிட்ஸும் எல்லாருக்கும் அட்டை அடிக்கும். முகாமுக்குள் இருக்கும் அலுவலகமாக இருந்தால், அட்டை இல்லாத நாம் வாசலைத் தாண்டுவதே ஒரு பாடு. விருந்தினர் அனுமதிக்குத் தனி வரிசை. ஊருக்குள் இருக்கும் சிறிய ரிசர்வ் சென்டர் அல்லது நேஷனல் கார்டின் ஆர்மரி எனும் படைக் கட்டடம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஆனால் அங்கே மேஜையில் ஒரே ஆள் இருப்பார். அவர் விடுப்பில் போனால் கடை மூடியது போலத்தான். சிஸ்டம் படுத்துவிட்டது என்பதும் அடிக்கடி கேட்கும் வசனம், அது யார் தவறும் இல்லை. கிளம்பும் காலையில் ஒரு ஃபோன் போட்டு, சிஸ்டம் ஓடுகிறதா, ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் காரை எடுங்கள். அட்டை கைக்கு வந்ததும் எழுந்து வந்துவிடாமல் பெயர் எழுத்துகள், பிறந்த தேதி, காலாவதி நாள் மூன்றையும் அங்கேயே சரிபாருங்கள். புகைப்படம் எப்படியும் நன்றாக வராது, அதற்காக நேரத்தை வீணாக்க வேண்டாம்.

2020 ஜூலை இறுதியிலிருந்து பழைய லேமினேட் அட்டைக்குப் பதில் கெட்டிப் பிளாஸ்டிக் அட்டை வருகிறது. பழைய முறையில் ரிசர்வ் குடும்பத்துக்குச் சிவப்பு அட்டை, முழுநேர ராணுவக் குடும்பத்துக்குப் பழுப்பு அட்டை. புதிய அட்டையில் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்காது. பாதுகாப்புத் துறை தரும் 10 இலக்க டிஓடி எண், அதைத் தவிர 11 இலக்க பெனிஃபிட்ஸ் எண் என்று இரண்டு இருக்கும். டாக்டர் ஆபீஸில் காப்பீட்டுக்குக் கேட்டால் 11 இலக்க எண்ணைக் கொடுங்கள். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் இந்த அட்டை செல்லும். 2025 மே 7 முதல் ரியல் ஐடி எனும் மத்திய அரசுத் தரத்திலான அடையாள அட்டை கட்டாயமான பிறகும் சார்ந்தவர்களின் ராணுவ அட்டை ஏற்கப்படுகிறது. மருத்துவச் சிகிச்சைக்காக நகல் எடுத்துக்கொள்ள அனுமதிக்கலாம். கடைக்காரர் தள்ளுபடிக்காக நகல் எடுத்து வைத்துக்கொள்வது சட்டப்படி கூடாது, காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போடுவதும் அதே கணக்கில்தான் வரும்.

இனி மருத்துவம். இந்த ஒரு பத்தியையாவது வீட்டில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். கையில் ராணுவ அட்டை இருக்கிறது என்பதால் மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்று ஆகாது. வீரர் 30 நாளுக்கு மேற்பட்ட ஆக்டிவ் டியூட்டி எனும் முழுநேரப் பணி உத்தரவில் இல்லாத வரை, ரிசர்வ் குடும்பத்தின் அட்டை கடைகளுக்கும் பொழுதுபோக்குக்கும் மட்டும்தான். கமிசரியில் பொருளின் விலையோடு 5 சதவீதம் கூடுதல் கட்டணம், எக்ஸ்சேஞ்சில் விற்பனை வரி இல்லை. 2003 கடைசி வரை ரிசர்வ் குடும்பங்களுக்குக் கமிசரிக்கு வருஷத்துக்கு 24 முறை என்ற வரம்பு இருந்தது, இப்போது வரம்பே இல்லை. (கமிசரியில் பையைத் தூக்கிக் கார் வரை கொண்டுவருபவருக்குச் சம்பளம் கிடையாது, நாம் கொடுக்கும் டிப்ஸ்தான். கையில் கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள்.) காப்பீடு வேண்டுமென்றால் செலக்டட் ரிசர்வில் இருப்பவர், டிரைகேர் எனும் ராணுவ மருத்துவக் காப்பீட்டில் ரிசர்வ் செலக்ட் என்ற திட்டத்தைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டும். மில்கனெக்ட் வழியாக வருஷத்தின் எந்த நாளிலும் சேரலாம், ஆரம்பத்தில் இரண்டு மாதப் பிரீமியத்தைச் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். ஐஆர்ஆரில் இருப்பவர் இதை வாங்க முடியாது. வீரருக்கு மத்திய அரசு வேலையில் காப்பீட்டுத் தகுதி இருந்தாலும் இப்போதைய சட்டப்படி இது கிடையாது. இரண்டு வார வருடாந்தரப் பயிற்சிக்குப் போயிருக்கிறார், அதனால் நமக்கு டிரைகேர் உண்டு என்று நினைத்துக் குழந்தையை எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் முழுப் பில்லும் நம் தலையில்தான். நேஷனல் கார்டு வீரர் வெள்ளம், புயல் என்று ஆளுநரின் மாநில உத்தரவில் போனால் அதுவும் இந்த 30 நாள் கணக்கில் சேராது.

30 நாளுக்கு மேற்பட்ட மத்திய உத்தரவு வந்துவிட்டால் எல்லாம் மாறும். முழுநேர ராணுவக் குடும்பத்துக்கு உள்ள டிரைகேர் நமக்கும் வரும். போர்க்காலப் பணிக்கான உத்தரவு என்றால், பணி தொடங்கும் முன்பே, அதிகபட்சம் 180 நாளுக்கு முன்பிலிருந்து, இந்தத் தகுதி தொடங்கும். உத்தரவுத் தாள் கையில் இருந்தால் போதாது, அது டீர்ஸில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் ஏற்ற வேண்டியது யூனிட்டின் எஸ்1. ரேப்பிட்ஸ் ஊழியரிடம் தாளை நீட்டிச் சண்டை போடுவது வீண். புது அட்டை வாங்கும்போது அதன் காலாவதி, உத்தரவு முடியும் நாளோடு ஒட்டியிருக்கும். உத்தரவு நீட்டிக்கப்பட்டால் அட்டையையும் புதுப்பிக்க வேண்டும். இன்னொன்று பலரைக் கவிழ்க்கிறது. ஆக்டிவ் டியூட்டி தொடங்கியதும் ரிசர்வ் செலக்ட் தானாக நின்றுவிடும், ஆனால் பணி முடிந்து வந்ததும் தானாகத் தொடங்காது. போர்க்காலப் பணியிலிருந்து திரும்பியவர்களுக்கு 180 நாள் இடைக்காலக் காப்பு உண்டு. அது முடியும் முன் திரும்பவும் விண்ணப்பித்து, பணம் கட்டி, சேர்ந்துகொள்ள வேண்டும். 181-ஆவது நாள் மருந்துக் கடையில் கார்டு வேலை செய்யாதபோதுதான் இது பலருக்குத் தெரியவருகிறது.

ரிசர்வ் குடும்ப அட்டைக்குச் சாதாரணமாக 4 வருஷம் ஆயுள். ஆனால் வீரரின் ஒப்பந்தம் அதற்கு முன் முடிகிறது என்றால் அந்த நாளோடு முடியும். அவர் மறுபடி கையெழுத்திட்டுச் சேவையை நீட்டித்திருப்பார், பதிவேட்டில் பழைய தேதியே நிற்கும். மில்கனெக்டில் புதுத் தேதி வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு அட்டையைப் புதுப்பிக்கப் போங்கள், இல்லாவிட்டால் சில மாதமே செல்லும் அட்டையோடு திரும்புவீர்கள். புகைப்படம் ஏற்கெனவே பதிவில் இருப்பவர்களுக்கு ஆன்லைனிலேயே புதுப்பித்துத் தபாலில் பெறும் வசதியும் இருக்கிறது, வீரர் தன் சிஏசியில் நுழைந்து கேட்க வேண்டும். விவாகரத்து ஆனால் பொதுவாகத் தீர்ப்பு இறுதியான அன்றே தகுதி போய்விடும், அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பழக்க தோஷத்தில் அதன் பிறகும் டிரைகேரில் சிகிச்சை எடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

குழந்தைகளில் 10 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பொதுவாகத் தனி அட்டை கிடையாது. ஒற்றைப் பெற்றோர், பெற்றோர் இருவருமே ராணுவம் என்றால் விதிவிலக்கு உண்டு. அட்டை இல்லாவிட்டாலும் டீர்ஸ் பதிவு பிறந்தவுடனே வேண்டும். ரிசர்வ் செலக்டில் இருப்பவர்கள், பிறந்த 90 நாளுக்குள் குழந்தையை டீர்ஸில் பதிந்து திட்டத்திலும் சேர்த்தால்தான் பிறந்த நாள் முதல் செலவு ஏற்கப்படும். 21-ஆவது பிறந்தநாளில் பிள்ளையின் தகுதி நிற்கும். அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் முழுநேரம் படித்து, பாதிச் செலவுக்கு மேல் பெற்றோர் தாங்கினால் 23 வரை நீளும், அதற்கு முன் படிப்பு முடிந்தால் அன்றோடு சரி. கல்லூரிப் பதிவாளரிடம் கடிதம் வாங்கும்போது 'முழுநேர மாணவர்' என்பதும் படிப்பு முடியும் உத்தேச நாளும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபீஸ் ரசீது இதற்குப் பதிலாகாது.

நம்மவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி, அப்பா அம்மாவைச் சேர்க்கலாமா என்பது. சேர்க்கலாம், ஆனால் அவர்கள் செலவில் பாதிக்கு மேல் வீரர் தாங்குவதாக நிரூபிக்க வேண்டும். அதற்கு டிடி ஃபார்ம் 137-3. அவர்களுக்கு ஊரில் வரும் பென்ஷன், வாடகை, வட்டி எல்லாம் வருமானக் கணக்கில் வரும். கையில் கொடுத்த பணத்துக்குச் சாட்சி இல்லை, வங்கி வழியாக அனுப்பியதற்கு மட்டும்தான் தாள் இருக்கும். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்தாலும், வெளி ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கும் டிரைகேர் பெற்றோருக்குக் கிடையாது. அதற்காக மட்டும் முயல்பவர்கள், என்னைக் கேட்டால், வேறு காப்பீடு பார்ப்பது மேல்.

கடைசியாக, 20 வருஷம் முடித்துவிட்டு 60-க்குக் காத்திருக்கும் வீட்டார்களுக்கு. இந்தக் காலத்தில் குடும்பத்தின் அட்டை கடைகளுக்குச் செல்லும். டிரைகேர் ரிட்டயர்டு ரிசர்வ் என்று ஒன்றை விலைக்கு வாங்கலாம், பிரீமியம் முழுவதும் நம் கையிலிருந்து போவதால் ரிசர்வ் செலக்டை விடப் பல மடங்கு அதிகம். 2008 ஜனவரி 28-க்குப் பிறகான ஆக்டிவ் பணிக்காகச் சிலருக்கு ஓய்வூதியம் 60-க்கு முன்பே தொடங்கும். அப்போதும் ஓய்வாளருக்கான டிரைகேர் 60-இல்தான், முன்கூட்டி வராது. 60 வந்ததும் எல்லாம் தானாக மாறிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். ஓய்வூதியத்துக்கு அவரே விண்ணப்பிக்க வேண்டும். இருவரும் ரேப்பிட்ஸ் போய் ஓய்வாளர் அட்டையும் மனைவி அட்டையும் புதிதாக வாங்க வேண்டும். 60-ஆவது பிறந்தநாளிலிருந்து 90 நாளுக்குள் டிரைகேர் பிரைம் அல்லது டிரைகேர் செலக்ட் (ரிசர்வ் செலக்ட் அல்ல) திட்டத்தில் சேர வேண்டும். அந்த 90 நாளைத் தவறவிட்டால் பொதுவாக அடுத்த திறந்த பதிவுக் காலமான நவம்பர்–டிசம்பர் வரை காத்திருந்து, ஜனவரி 1 முதல்தான் காப்பு தொடங்கும்.